விதியும் வீதியும்

எங்கள் கல்லூரி விடுதியின் முன்விறாந்தையிலே, மாலை வகுப்பு முடிந்தபின் மாணவர் கூடி வாதம் புரிவது நெடுநாள் வழக்கம். நானும் சாய்மனைக் கதிரையை ஒரு தூணோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டிருப்பேன். பெரும்பாலும் புணர்ச்சி விதியோ அணியிலக்கணமோதான் அங்கே அடிபடும். சென்ற தவணையில் ஒரு ஞாயிறு மாலை மாத்திரம் வாதப்பொருள் வேறாயிருந்தது. போர்முலா வன் எனப்படும் மோட்டார்க் காரோட்டப் பந்தயத்தைக் குறித்து இரு கட்சியாகப் பிரிந்து, தொல்காப்பியத்துக்கு உரைகண்ட பெரியோரும் ஒருவரையொருவர் அத்துணைக் கடுமையாக மறுத்ததில்லை என்னும்படி மோதிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு கட்சியாரின் முறைப்பாடு வருமாறு. விதிகளை மாற்றி மாற்றிப் பந்தயத்தின் சுவையையே கெடுத்துவிட்டார்கள். 2014இல் மின்வலுவும் பெற்றோலும் கலந்த சிறிய எஞ்சின் வந்தது. பழைய முழக்கம் போயிற்று. 2022இல் காரின் வடிவமே மாறிற்று. 2026ஆம் ஆண்டுக்கென வகுத்த விதியிலோ, வலுவில் ஏறக்குறையச் சரிபாதி மின்சாரத்திலிருந்து வரவேண்டும். ஓடும் தடங்களும் வெறும் மைதானங்களாகிவிட்டன. தவறிழைத்தவன் அகன்ற வெளியிலே உலாவிவிட்டுத் திரும்பி வருகின்றான். அச்சமில்லாத இடத்தில் வீரம் ஏது? மறு கட்சியார் இதனை ஒப்பவில்லை. பழைய தடமெல்லாம் நல்ல தடமாமோ என்று வினவினார்கள். மொனாக்கோ நகரத்து ஒடுங்கிய தெருக்களிலே ஒருவரை ஒருவர் முந்த இடமின்மையால், எல்லோரும் குறைந்தது இருமுறை நின்று ரயர் மாற்றியே ஆகவேண்டும் என 2025இல் ஒரு விதி செய்து பார்த்ததையும், அதனாலும் அங்கே சுவை பிறவாமையையும் எடுத்துக் காட்டினார்கள்.

ஈற்றில் தீர்ப்பு என்னிடம் வந்தது. நான் ஒரு வாரம் தவணை கேட்டேன். மாணவர் நகைத்தனர், பண்டிதருக்கு இவ்விடயத்தில் யாது தெரியும் என்று அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். அவர்கள் எண்ணியதிலே பிழையில்லை. ஆயினும் எனக்கு ஒரு படம் நினைவில் இருந்தது.

என் அம்மான் ஒருவர் கராஜ் வைத்திருந்தார். அதன் சுவரிலே, ஆங்கிலச் சஞ்சிகையொன்றிலிருந்து வெட்டி ஒட்டிய படமொன்று எண்ணெய்க் கறை படிந்து கிடந்தது. கரும்பச்சைக் காரொன்று, அதனுள்ளே ஏறக்குறையப் படுத்தபடி ஒருவர், தலையிலே கருநீலக் கவசம், அதன் முன்விளிம்பு மாத்திரம் வெண்மை. அவர் யாரென்று சிறுவனாகிய நான் கேட்கும்போதெல்லாம், ஸ்கொத்லாந்து தேசத்துக் கமக்காரன் என்ற அளவோடு அம்மான் நிறுத்திக்கொள்வார். 1995இன் இடப்பெயர்விலே கராஜும் போயிற்று, படமும் போயிற்று. அக்கமக்காரரின் சரிதத்தைத்தான் அவ்வொரு வார காலத்தில் தேடிப் படித்தேன். ஜிம் கிளார்க் என்பது அவர் பெயர்.

கிளார்க் 1936 மார்ச் 4ஆம் நாள் ஸ்கொத்லாந்தின் பைஃப் பகுதியிலுள்ள கில்மனி என்னும் ஊரிலே பிறந்தார். பெண்மக்கள் நால்வருக்குப் பின் பிறந்த ஒரே ஆண்மகன். 1942இல் குடும்பம் இங்கிலாந்து எல்லையை அடுத்த பெரிக்சயர்ப் பகுதிக்குப் பெயர்ந்து, எடிங்டன் மெயின்ஸ் என்னும் பண்ணையிற் குடியேறிற்று. பதினாறாம் வயதிலே பள்ளியை விட்டுப் பண்ணைக்குத் திரும்பிய இளைஞர், ஆடு மேய்ப்பதிலும் நிலம் உழுவதிலும் மெய்யான விருப்புடையவராகவே இருந்தார். மோட்டார்ப் பந்தயம் பெற்றோருக்குக் கட்டோடு பிடிக்கவில்லை. ஒரே மகனை அவ்வழியே விடுவதற்கு எந்தத் தாய்தான் இசைவாள்? 1956இல் கிரைமன்ட் என்னுமிடத்திலே, கைவிடப்பட்ட விமானத்தளமொன்றில் நண்பரது காரை ஓட்டியதே அவருடைய முதற் பந்தயம். அதனை வீட்டார் அறியார்.

1958 மே மாதத்தில் அவர் முதன்முறையாகக் கடல் கடந்து பெல்ஜியம் சென்றார். அங்கே ஸ்பா என்னும் ஊரையடுத்த தடத்தைப் பற்றி ஈண்டுச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். என் மாணவர் பழைய தடங்களின் பெருமை பேசும்போது முதலில் எடுக்கும் பெயர் அதுவே. தடம் என்பது பேச்சளவில்தான். மெய்யில் அது மூன்று ஊர்களை இணைக்கும் பொது வீதி. ஒரு சுற்று பதினான்கு கிலோமீற்றர். ஓரத்திலே வீடு, மரம், வேலிக்கம்பி, தந்திக்கம்பம். ஓரிடத்தில் வெயில் எறிக்க மற்றோரிடத்தில் மழை கொட்டும். கிளார்க் சென்ற அந்நாளிலேயே ஆர்ச்சி ஸ்கொட் பிரௌன் என்னும் பெயர்பெற்ற ஓட்டுநர் அங்கே விபத்துக்குள்ளாகி மறுநாள் மாண்டார். இரண்டாண்டுகளின் பின், 1960இல் கிளார்க் போர்முலா வன் ஓட்டுநராகி அதே தடத்துக்கு மீண்டபோது, கிறிஸ் பிரிஸ்டோ, அலன் ஸ்டேசி என்னும் இருவர் ஒரே பந்தயத்தில் உயிரிழந்தனர். ஸ்டேசி, கிளார்க்கின் சொந்த அணியைச் சேர்ந்தவர். கிளார்க் ஐந்தாவதாக முடித்தார். உலகப் போட்டியில் அவர் பெற்ற முதற்புள்ளிகள் அவையே. அன்று முதல் ஸ்பாவை அவர் வெறுத்தார். வெறுப்பதாக வெளிப்படையாகச் சொல்லவும் செய்தார்.

அவரைக் கண்டெடுத்தவர் கொலின் சப்மன். லோட்டஸ் கார்களை ஆக்கிய பொறியியல் விற்பன்னர். 1958 நத்தார்க்கு மறுநாள் பிராண்ட்ஸ் ஹாச் தடத்திலே, சப்மன் தாமே ஓட்டிய காரை இந்தக் கமக்கார இளைஞர் மிக நெருங்கித் துரத்தி இரண்டாவதாக வந்தார். சப்மன் அதனை மறக்கவில்லை.

இனி விதிக்கு வருவோம். தமிழிலே விதி என்னும் ஒரு சொல்லுக்கே சட்டமும் ஊழும் பொருளாதல் நாமறிந்ததே. இக்கதையில் அவ்விரு பொருளும் அடிக்கடி ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. 1954 முதல் 1960 வரை போர்முலா வன் எஞ்சின் 2.5 லீற்றர் கொள்ளளவு வரை இருக்கலாம் என்பது சட்டம். அச்சட்டத்தின் பிற்பகுதியில் பிரித்தானியர் கை ஓங்கியிருந்தது. 1961இலிருந்து 1.5 லீற்றர்தான் என்று 1958இன் இறுதியில் ஆணை பிறந்தபோது இங்கிலாந்து முழுவதும் கொதித்தெழுந்தது. வலுவற்ற சிறு கார்கள் மெல்ல ஊரும். ஓட்டுநனின் திறமைக்கு வேலையிராது. காண்போர் உறங்கிவிடுவர் என்றெல்லாம் முறையிட்டார்கள். பெரிய எஞ்சினுக்கெனத் தனியே ஒரு பந்தய வரிசையைக்கூட 1961இல் நடத்திப் பார்த்தார்கள். அஃது ஓராண்டும் நிலைக்கவில்லை. இத்தாலியரோ முறைப்பாட்டில் காலம் போக்காது புதிய எஞ்சினை ஆயத்தம் செய்து, அவ்வாண்டு பெராரி காரிலே கொடி நாட்டினர். விறாந்தையில் நான் கேட்ட வாதத்தையும் அறுபதாண்டுகளுக்கு முந்திய இந்தக் கூக்குரலையும் அருகருகே வைத்தால், எது எப்போது சொல்லப்பட்டதென்று பிரித்தறிவது கடினம்.

ஆனால் அச்சிறிய எஞ்சினே கிளார்க்கை ஆக்கிற்று. வலு குறைந்தால் காற்றின் தடையைக் குறைத்தாக வேண்டும். பாரத்தைக் குறைத்தாக வேண்டும். வளைவுகளில் வேகத்தை இழவாது காத்தாக வேண்டும். சப்மன் 1962இல் லோட்டஸ் 25 என்னும் காரை வெளிக்கொணர்ந்தார். அதுவரை இரும்புக் குழாய்களை ஒட்டிச் சட்டம் செய்து அதன்மேல் தகடு போர்த்தார்கள். சப்மனோ அலுமினியத் தகட்டையே பெட்டிபோல் மடித்து, அப்பெட்டியே காரின் முதுகெலும்பாகும்படி செய்தார். முன்னையவற்றிலும் அது இலேசானது. முறுக்குக்கு வளைந்து கொடாதது. காற்றுக்கு முகம் சிறுக்க வேண்டி ஓட்டுநரைப் படுக்கவைத்தார். என் அம்மானின் படத்தில் கண்ட கிடையின் காரணம் இதுவே. வெண்பாவின் தளை இறுக்கமானது என்பதனால் புகழேந்தியின் கை கட்டுண்டதா? நளன் தேரோட்டிய வேகத்தை அவர் அந்த இறுகிய பாவுக்குள்ளே தானே ஓடவிட்டார். கிளார்க்கின் கைவண்ணமும் அத்தகையது. அவர் ஓட்டும்போது கார் துள்ளாது, சறுக்காது. பார்ப்பவருக்கு அவர் மெல்லச் செல்வது போலவே தோன்றும். பந்தயம் முடிந்து கழற்றிப் பார்த்தால், பிறருடைய தடைக்கட்டைகளும் ரயர்களும் தேய்ந்த அளவு அவருடையவை தேய்ந்திரா.

அவர் முதன்முதல் உலகப் போட்டிப் பந்தயமொன்றை வென்றது எங்கே? 1962இல், அதே ஸ்பாவில். 1963இலும் அங்கே வென்றார். அன்று கொட்டு மழை; இரண்டாவதாக வந்த புரூஸ் மக்லாரனுக்கு ஏறக்குறைய ஐந்து நிமிடம் முன்னதாக முடித்தார்; மற்ற எல்லோரையும் ஒரு சுற்றேனும் பின்னே விட்டிருந்தார். 1964இலும் வென்றார், ஆனால் அது விநோதமான வெற்றி. முன்னே சென்றவர்கள் எரிபொருள் தீர்ந்தும் எஞ்சின் சோர்ந்தும் ஒவ்வொருவராகக் கழிய, கிளார்க் கோட்டைக் கடந்தார். கடந்த சிறிது தூரத்தில் அவர் காரும் எரிபொருளின்றி நின்றது. தாமே வென்றார் என்பதைச் சற்று நேரம் அவர் அறியார். 1965இலும் வென்றார். வெறுத்த வீதியிலே நான்கு முறை தொடர்ந்து வெற்றி. விரும்பப்படும் மொனாக்கோவிலோ நான்கு முறை முதலிடத்தில் நின்று புறப்பட்டும் ஒருமுறையேனும் வெற்றியில்லை.

1963இல் பத்துப் பந்தயங்களில் ஏழை வென்று உலக வீரரானார். 1965இல் ஆறை வென்று, ஆகஸ்து முதலாம் நாளே மீண்டும் அப்பட்டத்தை உறுதிசெய்தார். அவ்வாண்டு மே மாத இறுதியில் அமெரிக்காவின் இன்டியானாபொலிஸ் ஐந்நூறு மைல் பந்தயத்தில், இருநூறு சுற்றுகளில் நூற்றுத்தொண்ணூறில் முன்னணியில் நின்று வென்றதும் அவரே. பின்புறம் எஞ்சின் வைத்த கார் ஆங்கே வென்றது அதுவே முதற்றடவை. அவ்விரு வெற்றிகளையும் ஒரே ஆண்டில் பெற்றவர் அவருக்கு முன்னும் இலர், பின்னும் இலர். முதலிடத்தில் நின்று புறப்பட்டு, எல்லாச் சுற்றிலும் முன்னே சென்று, அதிவேகச் சுற்றையும் தமதாக்கி வெல்லுதல் என்னும் முழுவெற்றியை அவர் எட்டுமுறை பெற்றார். இத்தகைய பந்தயங்களைக் காணச் சென்ற அக்காலத்து ரசிகரிற் சிலருக்குக் கொட்டாவியும் வந்திருக்கும் என்றே எண்ணுகின்றேன். ஒருவர் முதற் சுற்றிலேயே மறைந்து விட்டால் பின்னே நடப்பது யாது? பொற்காலம் என்று என் மாணவர் புகழும் காலத்தின் இயல்பு இது.

பந்தயத்துக்கு வெளியே அவர் கூச்ச சுபாவமுள்ளவர், நகங்கடிப்பவர், எவ்வுணவு உண்பது, எவ்வழி செல்வது என்று துணிய மாட்டாது தயங்குபவர். 1961இல் இத்தாலியிலுள்ள மொன்சாவிலே, அவருடைய காரும் ஜேர்மானியரான வொன் ட்ரிப்ஸின் காரும் மோதிக்கொண்டதில், வொன் ட்ரிப்ஸும் வேலியோரம் நின்ற பதினைந்து பார்வையாளரும் மாண்டனர். கிளார்க் உடலிற் காயமின்றித் தப்பினார். விசாரணை சில ஆண்டுகள் அவரைத் தொடர்ந்தது. அதன் பின்னும் அவர் ஓட்டினார் என்பதை வீரம் என்பதா, வேறு பெயரிட்டு அழைப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

1966இல் விதி மறுபடியும் மாறிற்று. இம்முறை ரசிகர் கேட்டதே கிடைத்தது: எஞ்சின் 3 லீற்றர். இழந்த வலு மீண்டதென்று கொண்டாடினார்கள். கிளார்க்குக்கோ தக்க எஞ்சின் இல்லை. பதினாறு உருளை கொண்ட பாரமான எஞ்சினொன்றை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் ஒரேயொரு பந்தயம் வென்றார். 1967இல் போர்ட் பணத்தில் கொஸ்வேர்த் என்பார் ஆக்கிய எஞ்சின் வந்தது. ஒல்லாந்திலே அதற்கு முன் ஓட்டிப் பாராத புதுக் காரிலேறி முதற் பந்தயத்தையே வென்றார். அவ்வாண்டு மொன்சாவில் அவர் ஓட்டியதை அறிந்தோர் இன்றும் வியப்பர். ரயர் காற்றிழந்து ஒரு முழுச் சுற்றுப் பின்தங்கியவர், அம்முழுச் சுற்றையும் மீட்டு, எல்லோரையும் கடந்து முன்னணிக்கு வந்து, கடைசிச் சுற்றிலே எரிபொருள் போதாமல் மூன்றாவதாக முடித்தார்.

இங்கேதான் என் மாணவர் கவனியாத ஒன்று உண்டு. 1.5 லீற்றர் எஞ்சின் ஈற்றில் தந்தது ஏறத்தாழ 200 குதிரைவலு. 1967இன் எஞ்சின் தந்ததோ ஏறத்தாழ 400. விதி மாறிற்று; வீதி மாறவில்லை. அதே மரங்கள், அதே கம்பங்கள். 1966இல் ஸ்பாவிலே முதற் சுற்றில் மழையிற் சிக்கிய பலருள் ஜக்கி ஸ்ருவாட் என்பவர், கிளார்க்கின் நாட்டவரும் நண்பருமானவர், நொறுங்கிய காருக்குள் பெற்றோலில் நனைந்தபடி அகப்பட்டுக் கிடந்தார். அவரை மீட்க ஆயுதமும் இல்லை. உரிய வைத்தியரும் இல்லை. சக ஓட்டுநர்களே ஒரு பார்வையாளரிடம் கருவி இரந்து மீட்டனர். அன்று தொட்டு ஸ்ருவாட் தடங்களைத் திருத்த வேண்டுமென்று போராடலானார். கோழை என்று ஏசியவரும் உண்டு. கிளார்க் மேடையேறி வாதிடும் இயல்பினர் அல்லர்.

1968 ஜனவரி முதலாம் நாள் தென்னாபிரிக்காவிலே கிளார்க் தமது 25ஆவது வெற்றியைப் பெற்று, பன்ஜியோ என்னும் ஆர்ஜென்தீன வீரரின் 24 என்ற எண்ணிக்கையைக் கடந்தார். அதுவே அவர் போர்முலா வன்னில் ஓட்டிய கடைசிப் பந்தயம்.

ஏப்ரல் 7ஆம் நாள் ஜேர்மனியின் ஹொக்கன்ஹைம் தடத்தில் ஒரு பந்தயம் நடந்தது. அது போர்முலா டூ. உலகப் பட்டத்தோடு தொடர்பில்லாத இரண்டாந்தரப் போட்டி. தடமோ ஸ்பாவைப் போலச் சிக்கலானதன்று. ஒரு முனையில் பார்வையாளர் அரங்கம், மறுபுறம் அடர்ந்த காட்டினூடே நேராய் ஓடும் வழி, காட்டின் கோடியில் ஒரு வளைவு, மீண்டும் நேர்வழி. ஓட்டுநர் திறமைக்கு ஆங்கே வேலை குறைவு. வானம் மூடி ஈரம் கசிந்துகொண்டிருந்தது. கிளார்க்கின் கார் அன்று சரியாக ஓடவில்லை, எட்டாவதாகச் சென்றுகொண்டிருந்தார். ஐந்தாவது சுற்றிலே, ஒருவரும் அவரை முந்தாமலும் அவர் ஒருவரையும் முந்தாமலும் தனியே சென்ற அவ்விடத்தில், கார் வழிவிலகி மரங்களிடையே பாய்ந்தது. மரங்களுக்கு முன்னே தடுப்பு ஏதும் இருக்கவில்லை. பின்சக்கரத்து ரயர் காற்றிழந்திருத்தல் வேண்டும் என்பதே பெரும்பான்மையோர் துணிபு. அரங்கத்தில் இருந்தவர்கள் ஒன்றும் காணவில்லை; அடுத்த சுற்றிலே அவர் வராமை மாத்திரமே அவர்கள் கண்டது. வயது முப்பத்திரண்டு.

ஒருநாளும் பிழைவிடாத கிளார்க்கே இறந்தால் நாம் எம்மாத்திரம் என்னும் அச்சம் மற்ற ஓட்டுநர்களைப் பற்றிற்று. மே மாதம் மைக் ஸ்பென்ஸ், ஜூன் மாதம் ஸ்கார்பியொட்டி, ஜூலை மாதம் ஷ்லெசர் என மாதம் ஒருவராக மாண்டனர். 1969இல் ஓட்டுநர்கள் மறுத்தமையால் ஸ்பாப் பந்தயம் நடைபெறவில்லை. 1970இல் ஜேர்மனியின் பெருந்தடமாகிய நூர்பேர்க்ரிங்கையும் அவர்கள் திருத்தமின்றி ஏற்க மறுத்தபோது, அப்பந்தயம் எங்கே மாற்றப்பட்டது? ஹொக்கன்ஹைமுக்கே! இரண்டாண்டுகளுக்குள் அங்கே இரும்புத் தடுப்பு எழும்பிற்று. நேர்வழியின் வேகத்தை முறிக்கக் குறுகிய திருப்பங்களும் அமைந்தன. உப்புச்சப்பற்றதென்று ஒதுக்கப்பட்ட அத்தடத்தில் அன்று ரின்ட், இக்ஸ் என்னும் இருவர் மாறிமாறி முந்தி, ரின்ட் ஒரு விநாடியினும் குறைந்த வித்தியாசத்தில் வென்றார். அடுத்த மாதம் மொன்சாவில் அந்த ரின்டும் மாண்டார்.

மறு கட்சிக்கும் நியாயம் செய்தல் வேண்டும். ஸ்பாவுக்கு மாற்றாக பெல்ஜியத்தார் நிவெல் என்னுமிடத்தில் ஒரு தடம் அமைத்தார்கள். மட்டமான நிலம், அகன்ற ஓரம், தூரத்தே பார்வையாளர். 1972இலும் 1974இலும் அங்கே போர்முலா வன் நடந்தது. பின்னர் எவரும் அதனை நாடவில்லை. சாவு அகற்றப்பட்ட இடத்தில் சுவை தானாக வந்து குடியேறிவிடாது என்பது மெய்யே. அதனைப் படைப்பது தடம் வகுப்போரின் கல்வி. ஸ்பாவை ஏழு கிலோமீற்றராகச் சுருக்கிப் பழைய மேடும் பள்ளமும் கெடாது திருத்தியபோது, இன்றும் ரசிகர் கொண்டாடும் தடம் ஒன்று கிடைத்ததே.

ஒரு வாரத்தின் பின் இவ்வளவையும் விறாந்தையிலே சொன்னேன். தீர்ப்பு வேண்டினார்கள். எஞ்சினைப் பற்றி எந்த விதியும் செய்துகொள்ளட்டும். கெட்டிக்காரன் அதற்குள்ளே ஓடிக்காட்டுவான் என்றேன். மரத்துக்கு முன்னே தடுப்பு நிறுத்தும் விதியை மாத்திரம் சுவையின் கணக்கிலே சேர்க்க என்னால் இயலாதென்றேன். அச்சமில்லாத இடத்தில் வீரம் ஏது என்று முதல்நாள் வினவிய மாணவர், கிளார்க் ஸ்பாவை வெறுத்தார் என்பது மெய்தானா என்று மறுபடியும் கேட்டார். மெய்தான் என்றேன். அவர் மேலே ஒன்றும் பேசவில்லை; ஒப்புக்கொண்டார் என்றும் நான் எண்ணவில்லை.

ஹொக்கன்ஹைமின் காட்டுவழியை 2002இல் துண்டித்து, தடத்தைக் குறுக்கினார்கள். பழைய வழியின் தாரைப் பெயர்த்தெடுத்து மரம் நட்டார்கள். காட்டோரம் கிளார்க்குக்கு ஒரு நினைவுக்கல் நிற்கின்றது. அவர் உடல் அங்கில்லை. ஸ்கொத்லாந்திலே, எடிங்டன் மெயின்ஸ் பண்ணைக்கு அண்மையிலுள்ள சேர்ன்சைட் என்னும் சிற்றூர்த் தேவாலய வளவிலே அடக்கஞ் செய்திருக்கின்றார்கள். கல்லறையிலே உலக வீரர், இன்டியானாபொலிஸ் வென்றவர் என்னும் சிறப்புகளெல்லாம் பொறிக்கப்பட்டுள்ளன. அவை யாவற்றுக்கும் மேலே, பெயரை அடுத்து, கமக்காரர் என்றிருக்கின்றது.